கும்பாபிஷேகத்துக்கு வந்த யானை

ஜனவரி 6

புது டைரி. பிற்காலத்தில் எங்கள் சங்கத்தின் வரலாற்றை எழுத வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் முதல் பக்கத்திலேயே விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் தெய்வசிகாமணி. மோட்டார் பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், 'ஐராவதம் கார்டன்ஸ்' என்ற இந்தக் குடியிருப்பில் வீடு வாங்கி, இப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். மனைவி வசந்தாமணி. மகன் கனடாவில்.

எங்கள் குடியிருப்பு இயற்கையை நேசிப்பவர்களுக்கானது. விளம்பரத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள். வீதிகளுக்கெல்லாம் பிராணிகளின் பெயர்கள்: மான் வீதி, மயில் வீதி, குயில் வீதி. சிறுத்தை வீதியில் மனை விற்காததால் அதை மட்டும் முயல் வீதி என்று மாற்றினார்கள். அதன்பிறகு மளமளவென்று விற்றுவிட்டது.

மயில் வீதிக்காரர்கள் இன்று மறுபடியும் மயில்களைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள். விடியற்காலையில் கத்துகின்றனவாம். கார்க் கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்த்துக் கொத்துகின்றனவாம். வீதி நெடுக வலை கட்ட உத்தரவிட்டேன்.

சாயங்காலம் டிவியில் பனிக்கரடிகளைக் காட்டினார்கள். வடதுருவத்தில் பனி உருகி, நிற்க இடமில்லாமல், குட்டிகளோடு நீந்திக்கொண்டே இருக்கின்றன. எனக்கு மனசு கேட்கவில்லை. இணையத்தில் பனிக்கரடிகளுக்காக ஒரு கையெழுத்து இயக்கம் நடக்கிறது. நானும் போட்டு, சங்கத்து வாட்ஸப் குழுவில் எல்லோரையும் போட வைத்தேன். அந்தக் குட்டிகளின் நினைவில், ஏசியை இருபதில் வைத்தும் தூக்கம் வர வெகுநேரம் ஆயிற்று.

ஜனவரி 11

குடியிருப்புக்குள் நாங்கள் கட்டிய விநாயகர் கோயிலுக்கு வரும் இருபத்தைந்தாம் தேதி கும்பாபிஷேகம். யானை இல்லாமல் கஜபூஜை செய்வது எப்படி என்று செயற்குழுவில் கேள்வி எழுந்தது. கோயில் யானையை வெளியே அனுப்புவதில்லை என்று கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

பல் டாக்டர் சந்திரமோகன் எழுந்து, கேரளாவில் இயந்திர யானை வாடகைக்குக் கிடைக்கிறது என்றார். செல்போனில் படமும் காட்டினார். காதை ஆட்டுகிறது, தும்பிக்கையால் பன்னீர் தெளிக்கிறது. "சாணி போடாதுங்க. மதம் புடிக்காதுங்க. பாகன்கூட வேண்டாம், ஆபரேட்டர் ஒருத்தர் வந்தாப் போதும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். யோசனை அவருடையது, முடிவு செயலாளருடையது என்று தீர்மானத்தில் எழுதச் சொன்னேன். ஏப்ரலில் தேர்தல் வருகிறது. சந்திரமோகன் எனக்கு எதிராக நிற்கப்போகிறார் என்று காதில் விழுந்திருக்கிறது.

ஜனவரி 16

கோபுரக் கலசத்தை ஏற்ற கிரேன் உள்ளே வர வேண்டும் என்பதால் மேற்குச் சுவரில் லாரி அகலத்துக்கு இடித்துவிட்டோம். அதைப் பார்த்துவிட்டு வனக்காவலர் ஜெயப்பிரியா வண்டியை நிறுத்தி உள்ளே வந்தார். என் மகனைவிடச் சின்னப் பெண். காக்கிச் சட்டை போட்டால் எல்லோருக்கும் குரல் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

"சார், சுவத்த சீக்கிரம் அடைச்சிருங்க. காட்டுல இருந்து ஒத்தை ஆண் யானை ஒண்ணு எறங்கி, உங்க சுவத்த ஒட்டித்தான் சுத்திப் போயிட்டிருக்குது. முன்னாடியெல்லாம் நேரா இதுக்குள்ளயே போகும். இது அதோட பாதைங்க சார்."

"பத்திரம் எங்க பேர்ல இருக்குதே அம்மணி" என்றேன்.

சுவரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சட்டம் படித்திருந்தால் புரிந்திருக்கும்.

ஜனவரி 25

இன்று நடந்ததை உள்ளபடி இந்த டைரியில் மட்டும் எழுதுகிறேன்.

விடியும் நேரம். நல்ல பனி. எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. செயலாளர் என்ற முறையில் முதல் ஆளாகக் கோயிலுக்குப் போனேன். கையில் தாம்பாளம், அதில் வாழைப்பழம், தேங்காய், வெல்லம். யாகசாலைக்குப் பக்கத்தில் யானையை இறக்கி நிறுத்தியிருந்தார்கள். ஆபரேட்டர் ஷிபு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாரே என்று மகிழ்ச்சியாக இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், ஆளைக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிட்டே போனால், கொம்பில் ஒன்று பாதியில் ஒடிந்திருக்கிறது. வந்தது எரிச்சல். "ஏம்ப்பா ஷிபு, ஒடைஞ்ச சரக்கைக் கொண்டாந்து எங்க தலையில கட்டறயா?" என்று பனிக்குள் சத்தம் போட்டேன். மற்றபடி வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. முன்னங்காலை விரலால் தட்டிப் பார்த்தேன். ரப்பர் உயர்ந்த ரகம். ஒவ்வொரு ரோமமாக நட்டிருந்தார்கள். வாசனைகூட வைத்திருந்தார்கள். அதைத் தவிர்த்திருக்கலாம் என்று ஷிபுவிடம் சொல்ல வேண்டுமென நினைத்தேன். ஸ்விட்ச் எங்கே என்று காலுக்குப் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தும்பிக்கை இறங்கி வந்து தாம்பாளத்தில் இருந்த வெல்லத்தை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டது. படத்தில் இந்த வசதியைக் காட்டவில்லையே என்று யோசிக்கும்போது போன் அடித்தது.

"சாரே, ஷிபுவாணு. வண்டி பஞ்சர். செக்போஸ்ட்டில நிக்குது. ஒரு மணிக்கூர் லேட்டாகும், கேட்டோ."

"அப்ப யானை?"

"ஆன எண்டெ வண்டியில உண்டு சாரே."

ஓட வேண்டும் என்று தோன்றியது, முடியவில்லை. அது பழத்தைத் தோலோடு தின்றது. தேங்காயைக் காலால் அழுத்தி உடைத்துத் தின்றது. பிறகு தும்பிக்கையைத் தூக்கி என் தலையை மோந்து பார்த்தது. சூடான மூச்சு. உச்சந்தலையில் அந்த மூச்சு பட்டபோது, சின்ன வயதுக்குப் பிறகு யாருமே என் தலையைத் தொட்டதில்லை என்ற நினைவு ஏனோ வந்தது. பயம் இருந்தது. பயம் மட்டும் இருந்தது என்று எழுதினால் அது பொய்.

அதே சமயம் கோயில் வாசலில் பெண்கள் வந்துவிட்டார்கள். சந்திரமோகன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். யானை திரும்பி, சுவர் இடிந்த இடம் வழியாக, அவசரமே இல்லாமல் பனிக்குள் போய்விட்டது.

"ஒத்தைக் கொம்பு" என்றாள் ஒருத்தி. "ஏகதந்தன். விநாயகரே கும்பாபிஷேகத்துக்கு வந்துட்டாரு." அடுத்த நிமிடம் பத்துப் பேர் என் காலில் விழுந்தார்கள்.

வசந்தா மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, அதோட காலைத் தட்டித் தட்டி என்னமோ தேடுனீங்களே, என்னங்க அது?"

"ஆசீர்வாதம் கேட்டேன்" என்றேன்.

இயந்திர யானை ஒன்பது மணிக்கு வந்து பன்னீர் தெளித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனவரி 26

வீடியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. 'யானை ஆசீர்வதித்த செயலாளர்' என்று தலைப்பு. கனடாவிலிருந்து மகன் கூப்பிட்டான். தீபாவளிக்குப் பிறகு அவனாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நீண்ட நேரம் பேசினான்.

ஜனவரி 28

ஜெயப்பிரியா வந்தார். வாழ்த்துச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலி போடச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"சார், ஒரு தடவை குடுத்தது தெரியாம நடந்துருச்சுன்னு எழுதிட்டேன். இனி யாரும் ஒரு பழம்கூடக் குடுக்கக் கூடாது. ருசி கண்டுக்கிச்சுன்னா தினமும் வரும். அப்புறம் சமையல்கட்டுக்கு வரும். யாராச்சும் அடிபடுவாங்க. கடைசியில நீங்களே அதைப் புடிச்சுட்டுப் போங்கன்னு எழுதிக் குடுப்பீங்க. எல்லா எடத்துலயும் இப்படித்தான் நடக்குதுங்க சார். புடிச்சா அதுக்கு ஆயுசுக்கும் சங்கிலிதான்."

முழுக்க முழுக்க ஒப்புக்கொண்டேன். காட்டு விலங்குகளுக்கு உணவு தருகிறவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இன்றே ஒரு தீர்மானத்தை என் கைப்பட எழுதி, எல்லா வீதிகளிலும் ஒட்டச் செய்தேன். மேற்குச் சுவரை உடனே அடைப்பதாகவும் வாக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 2

சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. காலை நடை நல்லது என்கிறார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறேன். மேற்குச் சுவர்ப் பக்கம் காற்று சுத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 5

மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார். சுவர் வேலை தொடங்கவில்லை.

பிப்ரவரி 9

மேஸ்திரி வந்துவிட்டார், ஆனால் வந்த செங்கல் தரமில்லை. திருப்பி அனுப்பினேன். பொது வேலை என்றால் எப்படியும் கட்டலாம் என்று நினைக்கிறார்கள். நான் செயலாளராக இருக்கும்வரை அது நடக்காது.

பிப்ரவரி 13

வசந்தா மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதும்போது, "மறுபடியும் வெல்லம் தீந்து போச்சு. எங்கீங்க போகுது?" என்றாள்.

எறும்பு என்றேன்.

"நம்மூட்டு எறும்புக்கு நல்ல வயிறு" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டாள். இந்த வயதில் அவளுக்கு நையாண்டி அதிகமாகிவிட்டது.

பிப்ரவரி 17

காலை நடையின் போது வாய் பேசக் கூடாது என்பது சந்திரமோகனின் கொள்கை. நான் அப்படியில்லை. பேசிக்கொண்டுதான் நடக்கிறேன், சில இடங்களில் நின்றும் பேசுகிறேன். மனிதனுக்கு அனுபவம் என்று ஒன்று சேர்ந்துவிட்டால் அதைச் சொல்லியாக வேண்டும். உடுமலைப்பேட்டையில் ஒரே வாரத்தில் கடைக்காரர் அத்தனை பேரையும் எங்கள் கம்பெனி பம்புக்கு மாற்றிய கதையை வீட்டில் தொடங்கினாலே வசந்தா குக்கரை இறக்கப் போய்விடுவாள். மகனுக்கு அங்கே எப்போதும் மீட்டிங். பொறுமையாக, குறுக்கே பேசாமல், காதை ஆட்டிக்கொண்டு கேட்கிற ஜீவனிடம்தான் அந்தக் கதையைக் கடைசிவரை சொல்ல முடிகிறது.

காலை நடை உடம்புக்கு மட்டுமல்ல, மனசுக்கும் நல்லது. இவ்வளவு சந்தோஷமாக நான் எழுந்திருப்பது பல வருடங்களுக்குப் பிறகு இப்போதுதான்.

பிப்ரவரி 24

சந்திரமோகன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த வாழை மரங்கள் போய்விட்டன. புல்வெளியில் குண்டான் அளவுக்குக் காலடிகள். அவசரக் கூட்டம் கூட்டச் சொன்னார்.

"செக்ரட்டரி சார், ஒரு மாசமாச்சு. அந்தச் சுவத்த ஏன் இன்னும் அடைக்கல?"

சாமி வந்துபோகிற வழியை அடைத்தால் தோஷம் என்று சில பெரியவர்கள் அபிப்பிராயப்படுவதாகச் சொன்னேன். எந்தப் பெரியவர்கள் என்று கேட்டார். கூட்டத்திலேயே வயதில் மூத்தவன் நான்தான்.

மார்ச் 3

உலக வனவிலங்கு தினம். முன்னேற்பாடுகளுக்காக விடியற்காலையிலேயே அரங்கத்துக்குப் போக வேண்டியிருந்ததால் இன்று நடை போகவில்லை. இத்தனை நாளில் விட்டுப்போனது இன்றுதான்.

சாயங்காலம் விழா. குழந்தைகள் புலி, சிங்கம், வரிக்குதிரை வேஷம் போட்டு வந்தார்கள். மயில் வேஷம் போட்ட பெண்ணுக்கு முதல் பரிசு. மயில் வீதியில்தான் வீடு. தலைமையுரை நான். திமிங்கிலங்களின் வயிற்றில் பிளாஸ்டிக் பை கிடப்பதைச் சொன்னேன். கழுகுகள் வானத்திலிருந்து காணாமல் போவதைச் சொன்னேன். ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக யானைகளைச் சுடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். "மனிதன் தன் எல்லையை மறந்துவிட்டான்" என்று பனிக்கரடிக்கு வந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அலறல் கேட்டது.

விழாவுக்கு வந்தவர்களுக்குத் தரச் சந்திரமோகன் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். பாகு காய்ந்த வாசம் மூன்று வீதி தள்ளியும் வந்ததாம். யானை மேற்குச் சுவர் வழியாக வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. பார்த்தவர்கள் சொல்கிறார்கள், யாருக்காகவோ காத்திருந்த மாதிரி இருந்ததாம். அப்புறம் நேரே நடந்து அந்தச் சமையலறையின் சுவரை நெற்றியால் தள்ளிவிட்டது. சந்திரமோகன் வீட்டில் வேலை செய்யும் பெண் ராஜாமணி மேல் சுவர் விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை.

நான் நடை போகாததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மார்ச் 4

அவசரக் கூட்டம். இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஒரு மாதம் முன்பு என் காலில் விழுந்தவர்கள் எல்லாம் கை நீட்டிப் பேசினார்கள்.

"அது தானா வரல" என்றார் சந்திரமோகன். "யாரோ பழக்கியிருக்காங்க. அரிசி மூட்டை பக்கத்துலயே இருந்துச்சு, தொடல. நேரா வெல்லத்துக்குத்தான் போயிருக்குது. யாருன்னு கண்டுபிடிக்கணும்."

நான் உடனே எழுந்து, இது மிக முக்கியமான கேள்வி, இதை விசாரிக்க ஒரு குழு வேண்டும், அதற்கு நானே தலைமை ஏற்கிறேன் என்றேன். ஆனால் முதலில் மக்களின் உயிர் என்றும் சொன்னேன். அந்த யானையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று வனத்துறைக்கு மனு எழுதினோம். யார் முதல் கையெழுத்துப் போடுவது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

மார்ச் 6

வசந்தா அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ராஜாமணியைப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்கு மனுவின் நகல்களை அனுப்பும் வேலை இருந்தது.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"யானை என்னைய ஒண்ணும் பண்ணலீங்கக்கா, செவுருதான் வுழுந்துச்சுன்னா. தும்பிக்கையால கல்ல நவுத்திப் பாத்துச்சாம். அப்புறம் பொங்கப் பானையத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சாம்." வசந்தா கைப்பையைக் கீழே வைத்தாள். "அதப் புடிச்சுருவாங்களான்னு கேட்டா. ஆமான்னேன். பாவம்னா."

சாப்பாடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ரசத்தில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

மார்ச் 12

கும்கிகள் இரண்டு லாரியில் வந்து இறங்கின. காட்டு யானையைப் பிடிக்கப் பழக்கிய யானைகள். குடியிருப்பே திருவிழாவாகிவிட்டது. குழந்தைகளைத் தும்பிக்கைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார்கள். வாழைப்பழம் கொடுத்தார்கள். உணவு தரக் கூடாது என்ற தீர்மானத்தை ஒருவர் ஞாபகப்படுத்தியதற்கு, அது காட்டு விலங்குகளுக்குத்தானே என்றார் சந்திரமோகன். சட்டப்படி அவர் சொன்னது சரிதான்.

கும்கிகளின் முன்னங்கால்களில் சங்கிலி. ஒன்றின் நெற்றியில் பழைய தழும்பு. இவையும் ஒருகாலத்தில் எங்காவது யாருடைய வாழையையோ தின்று பிடிபட்டவைதான் என்றார் பாகன்.

மார்ச் 16

நான்கு நாளாகத் தேடுகிறார்கள். பகலில் அது புதரை விட்டு வெளியே வருவதில்லை. கும்கிகளின் வாடை தெரிந்துவிட்டதாம். பாறைச் சரிவுக்குள் போய் நின்றுகொண்டால் மயக்க ஊசி போட முடியாது என்கிறார்கள். நான் நடையை நிறுத்திவிட்டேன். அப்படியே காட்டுக்குள் போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது. போய்விடும். புத்தியுள்ள பிராணி.

மார்ச் 18

சாயங்காலம் ஜெயப்பிரியா வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். வசந்தா காப்பி கொடுத்தாள்.

"சார், நீங்க காலையில வாக்கிங் போறதை நிறுத்திட்டீங்களாமே."

முழங்கால் வலி என்றேன்.

"தினமும் விடியறப்ப அது அந்த எடைவெளிக்கு வந்து நின்னு பாத்துட்டுப் போகுதுங்க சார். எங்க ஆளுங்க யாரு நின்னாலும் ஓடிருது. ஒருத்தர் நின்னா ஓடாதுன்னு எனக்குத் தோணுது." காப்பியை மேசையில் வைத்தார். "உங்க மேல கேஸ் போட நான் வரல. எங்க கால்நடை டாக்டர் ஊசிக்குக் குறி பாக்கறதுக்கு அது கொஞ்ச நேரம் அசையாம நிக்கணும். ரூல்ல இதுக்கு எடமில்ல. ஆனா பாறைக்குள்ள தொரத்திப் போனா, ஊசி விழுந்து மயக்கத்துல உருண்டு செத்தே போயிரும். நீங்க நின்னீங்கன்னா உசுரோட புடிக்கலாம்."

"நான் எதுக்கு அம்மணி? எனக்கும் அதுக்கும் என்ன பழக்கம்?"

அவரும் வசந்தாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நாள் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

வருகிறேன் என்றேன்.

மார்ச் 19

வசந்தா எனக்கு முன்பே எழுந்திருந்தாள். சமையல் மேடையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"கொண்டு போங்க. தினமும் எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனீங்க. இன்னைக்கு நானே எடுத்துக் குடுக்கறேன்."

என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மேற்குச் சுவர் இடைவெளியில் நின்றேன். டாக்டர் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் துப்பாக்கியோடு படுத்திருந்தார். கும்கிகளைத் தைலமரங்களுக்குப் பின்னால் மறைத்திருந்தார்கள். வரக் கூடாது என்று விநாயகரை வேண்டிக்கொண்டேன். பிறகு, வராவிட்டால் பாறைக்குத் துரத்துவார்களே என்று நினைத்து, வந்துவிடட்டும் என்று வேண்டினேன். இரண்டில் எதை அவர் எடுத்துக்கொள்வார் என்று குழப்பமாக இருந்தது.

வந்தது. நேராக வரவில்லை. பாதி வழியில் நின்று தும்பிக்கையைத் தூக்கி மோந்தது. தைலமரங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதற்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் ஒரு கல்லை எடுத்திருந்தால், கையை ஓங்கியிருந்தால், திரும்பிப் போயிருக்கும். "வாடா கணபதி" என்றேன். தினமும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அதே குரல்தான் வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தைலமரங்களை விட்டுவிட்டு என்னிடம் வந்தது. வெல்லத்தை நீட்டினேன். எடுத்து வாயில் போட்டது. ஈரப் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின்தொடையில் சிவப்புக் குஞ்சம் வைத்த ஊசி.

ஓடும் என்றார்கள். ஓடவில்லை. திடுக்கிட்டு, என் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தது. என்னை ஒட்டி நின்றுகொண்டது. எங்கிருந்து வலித்தது என்று அதற்குப் புரியவில்லை, நான் இருக்கிற இடம் பத்திரமான இடம் என்று நினைத்துவிட்டது. கண் செருகுகிறவரை என் சட்டைப் பையைத் தும்பிக்கையால் தடவிக்கொண்டே இருந்தது. ஜெயப்பிரியா தூரத்திலிருந்து வாங்க சார், வெளிய வந்துருங்க சார் என்று கத்தினார். நான் அழுதேன். எல்லோருக்கும் எதிரில் அழுதேன்.

கும்கிகள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டன. கயிறு, சங்கிலி, லாரி. மதியத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். குடியிருப்பே வாசலுக்கு வந்து பூத் தூவியது. கணபதிக்கு ஜே என்றார்கள். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். சந்திரமோகன் லாரிக்கு முன்னால் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார்.

மார்ச் 20

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 28

பாராட்டு விழா. உயிரைப் பணயம் வைத்துக் குடியிருப்பைக் காத்த செயலாளர் என்று எனக்குச் சால்வை போட்டார்கள். அன்று எடுத்த வீடியோவில் நான் அழுதது பக்தி என்று புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. எனக்கு எதிராக நிற்பதில்லை என்று சந்திரமோகன் மேடையிலேயே அறிவித்தார். ஆகவே போட்டியின்றி மறுபடியும் நானே. விசாரணைக் குழுவைக் கலைத்துவிட்டோம். மேற்குச் சுவர் ஒரே நாளில் எழும்பிவிட்டது. சந்திரமோகன் முன்மொழிய, நுழைவாயிலில் ஒற்றைக் கொம்பு யானைக்கு ஃபைபரில் ஒரு சிலை வைக்கவும் தீர்மானம் நிறைவேறியது.

வசந்தா விழாவுக்கு வரவில்லை. ராஜாமணிக்குக் கட்டுப் பிரிக்கிற நாள் என்று சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 6

முந்தாநாள் ஜெயப்பிரியாவிடமிருந்து போன். யானை முகாமில் அடைத்ததிலிருந்து அது தழை கொஞ்சம் மெல்லுவதோடு சரி, வேறொன்றும் தின்னவில்லையாம். கரும்பு வைத்தார்கள், களி உருண்டை வைத்தார்கள், தொடவில்லை. இப்படியே போனால் தாங்காது, நீங்கள் வந்து கொடுத்தால் தின்னுமா என்று டாக்டர் கேட்கிறார் என்றார். நான் யோசிப்பதற்குள் வசந்தா போனை வாங்கி, வருகிறோம் என்று சொல்லிவிட்டாள்.

இன்று போனோம். முழு மரங்களை அடுக்கிக் கட்டிய கூண்டு. உள்ளே திரும்பக்கூட இடமில்லை. விலா எலும்பு தெரிந்தது. கால்களில் சங்கிலி உரசிய புண்ணுக்கு மருந்து தடவியிருந்தார்கள். வழியெல்லாம் நான் ஒன்றையே நினைத்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் அது திரும்பிக்கொள்ளும். அல்லது மரச் சந்து வழியாகத் தும்பிக்கையை வீசி ஓங்கி ஒன்று போடும். எலும்பு முறியும். முறியட்டும். அதன்பிறகு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

நான் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட இல்லை. நடந்து வருகிற சத்தத்திலேயே தெரிந்துகொண்டது. காது இரண்டையும் விரித்து, மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, சந்து வழியாகத் தும்பிக்கையை எவ்வளவு நீளம் வருமோ அவ்வளவு நீட்டியது. என் தலையை மோந்தது. கையில் இருந்ததை வாங்கித் தின்றது. கரும்பை எடுத்துக் கொடுத்தேன், தின்றது. களி உருண்டை, அதையும் தின்றது. பாகன்கள் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

டாக்டருக்கு ஏக சந்தோஷம். "இவ்வளவு நடந்தும் மனுஷனை நம்புது பாருங்க. இந்த மாதிரி யானை கெடைக்கறது அபூர்வம் சார். நல்ல கும்கியா வரும். பக்கத்து மாவட்டத்துல ஒரு லேஅவுட்டுல இருந்து இப்பவே மனு வந்திருக்குது. பழக்கி எடுத்தமுன்னா, மொதல் வேலைக்கு இதையே அங்க அனுப்பிரலாம்."

தட்டில் எல்லாம் தீர்ந்துவிட்டது. அது இன்னும் என் வெறும் கையை மோந்துகொண்டே நின்றது.

"கையை எடுத்துராதீங்க" என்றாள் வசந்தா.